கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முந்தைய முப்பது நாள்

தொலைந்துபோன கிரையப் பத்திரத்துக்காகப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்திருந்த பெரியவர் ஒருவர், அந்தப் பக்கத்தை நகல் எடுத்து மனுவுடன் இணைத்துத் தரும்படி என் கடைக்கு வந்தார். வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எதிரே தட்டச்சு, ஜெராக்ஸ், மனு எழுதுதல் மூன்றும் நடக்கும் ஒற்றை அறைக் கடை என்னுடையது. 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம். கண்ணாடிமேல் தாளைக் கவிழ்க்கப் போனபோது, அவருடைய விளம்பரத்துக்குக் கீழே எங்கள் ஊர்ப் பெயரைக் கண்டேன். பக்கத்திலேயே புல எண்கள். ‘பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்ட அறிவிப்பு’ என்று தலைப்பு. கழிமுகத்தில் ஒரு சரக்கு இறங்குதுறை, அதையொட்டி நிலக்கரி குவித்து வைக்கும் களம். பத்திரிகையின் தேதியைப் பார்த்தேன். பதினொரு நாள் பழையது.

பெரியவருக்கு நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு, எனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டேன். கை நடுங்கியது. காரணம், ஆறு ஆண்டுகளுக்கு முன்பு நாங்கள் இதே உப்பங்கழியின் வடக்குக் கிளையை இழந்திருந்தோம்.

2013இல் அந்தக் கிளையின் குறுக்கே ஒரு தொழிற்சாலைக்காகக் கரையும் சாலையும் போட்டார்கள். செம்மண் லாரிகள் வந்து நின்றபோதுதான் ஊருக்கு விஷயமே தெரியும். ஆண்கள் லாரிகளை மறித்தார்கள். நான் மனு எழுதினேன்: ஆட்சியருக்கு, அமைச்சருக்கு, முதல்வரின் தனிப்பிரிவுக்கு. எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வந்தது, அனுமதி முறைப்படி வழங்கப்பட்டுள்ளது என்று. சென்னையில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தோம். அனுமதிக் கடிதம் வெளியான நாளிலிருந்து அவர் விரலை மடக்கி எண்ணினார். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். அதற்கு மேல் ஒரு நாளைக்கூடத் தீர்ப்பாயத்தால் மன்னிக்க இயலாது, சட்டமே அப்படி. நாங்கள் போய் நின்றது நூற்று ஒன்றாவது நாள்.

அதைவிட வலித்தது வேறொன்று. அந்தத் திட்டத்துக்கும் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்திருக்கிறது. பதினேழு கிலோமீட்டர் தள்ளி, ஒரு திருமண மண்டபத்தில். எங்கள் ஊரிலிருந்து ஒருவரும் போகவில்லை. யாருக்கும் தெரியாது. பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய கூட்ட நடவடிக்கைக் குறிப்பில், உள்ளூர் மக்களிடமிருந்து எதிர்ப்பு எதுவும் தெரிவிக்கப்படவில்லை என்று எழுதியிருந்தது. பொய் என்று சொல்ல முடியாது. வராதவர்கள் எப்படி எதிர்க்க முடியும்? இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்று விதி எதுவும் இல்லை. நாற்காலிகள் காலியாக இருந்தாலும் அந்தக் கூட்டம் சட்டப்படி நடந்ததாகவே கணக்கு.

வடக்குக் கிளையில் இன்று நீர் ஏறுவதில்லை. மடவைக் குஞ்சுகள் பெருகிய இடத்தில் சீமைக்கருவேலம் நிற்கிறது.

ஆகவே 2019 ஜூனில் என் கையில் இருந்தவை பத்தொன்பது நாள்கள். 2006ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள்களுக்கு முன் ஒரு தேசிய நாளேட்டிலும் ஒரு வட்டார மொழி நாளேட்டிலும் அறிவிப்பு வர வேண்டும். அடுத்த ஆண்டே, 2020 மார்ச்சில், இந்த 30 நாளை 20 ஆகக் குறைக்கும் வரைவை மத்திய அரசு வெளியிட்டது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது நான் எண்ணிப் பார்த்தேன்: 20 நாள் என்றிருந்தால் எனக்கு மிஞ்சியிருப்பவை ஒன்பது. அந்த ஒன்பது நாளில் எங்களால் எதுவும் செய்திருக்க முடியாது.

முதல் வேலை, திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைக் கண்ணால் பார்ப்பது. வரைவு அறிக்கை எங்கெங்கே வைக்கப்பட்டிருக்கும் என்பது அறிவிப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். எங்கள் ஊராட்சி அலுவலகத்துக்குப் போனேன். அப்போது உள்ளாட்சித் தேர்தல் நடக்காமல் தலைவர் பதவி காலியாக இருந்தது. தனி அலுவலர் வேறு ஊரில் இருந்தார். பீரோ சாவி அவரிடம் இருக்கிறது என்றார்கள். அடுத்த நாள் போனேன், அதே பதில். சண்டை போடத் தோன்றியது. ஆனால் சண்டை போட்டிருந்தால் இன்னொரு நாள் போயிருக்கும். ‘இன்ன தேதியில், இன்ன நேரத்தில் அறிக்கையைப் பார்வையிட வந்தேன், கிடைக்கவில்லை’ என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி, அலுவலக முத்திரையுடன் ஒப்புகை வாங்கிக்கொண்டேன். ஆட்சியருக்கு ஒரு நகலைப் பதிவு அஞ்சலில் அனுப்பினேன். அந்த ஒப்புகைச் சீட்டு பின்னால் எங்கள் மனுவின் முதல் இணைப்பு ஆனது.

அன்று மதியமே பஸ் ஏறி மாவட்டத் தொழில் மையத்துக்குப் போனேன். அறிக்கை வைக்கப்பட வேண்டிய இடங்களில் அதுவும் ஒன்று, ஆனால் யாரும் அங்கே போய்க் கேட்பதில்லை. அங்கிருந்த எழுத்தர் அலமாரியைத் திறந்து, கட்டுப் பிரிக்காத அறிக்கையை எடுத்துத் தூசி தட்டி, மின்விசிறிக்குக் கீழே ஒரு மேசையும் ஒதுக்கிக் கொடுத்தார். “இதைக் கேட்டு வந்த முதல் ஆள் நீங்கள்தான் அம்மா” என்றார். அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். ஒரு ஊரின் கதை சில வேளைகளில் இப்படி ஒரு மனிதரின் நல்ல குணத்தில் தொங்குகிறது.

அறுநூற்றுச் சொச்சம் பக்கம் ஆங்கிலம். தமிழில் இருபத்திரண்டு பக்கச் சுருக்கம். சுருக்கத்தை நம்பாதீர்கள் என்று இதைப் படிக்கும் எல்லாரையும் கேட்டுக்கொள்கிறேன். ஆங்கில அறிக்கையில் ஒரு மூலையிலாவது ‘உவர்ச் சதுப்பு’ என்ற பொருளில் இருந்த சொல், தமிழில் ‘உப்புத் தரிசு’ என்று வந்திருந்தது. கல்லூரியில் படிக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மூவரை அடுத்த நாள் அழைத்துக்கொண்டு போனேன். முழுவதையும் படிக்க நேரமில்லை. நிலப் பயன்பாட்டு அட்டவணை, கடலோர மண்டல வரைபடம், மீன்வளம் பற்றிய அத்தியாயம், தரவு எடுத்த மாதங்கள் ஆகிய இவற்றை மட்டும் தேடினோம். கூடவே, அறிக்கை தயாரிக்கும் முன்பு அதிகாரிகள் விதித்த ஆய்வு வரம்புகளின் பட்டியல் பின்னிணைப்பில் இருக்கும். அதை ஒரு கையிலும் அறிக்கையை மறு கையிலும் வைத்துக்கொண்டு, கேட்டதில் எதற்குப் பதில் இல்லை என்று பென்சிலால் குறித்தோம். மொத்த வேலையிலும் அதிகப் பலன் தந்தது இந்தப் பென்சில் குறிதான்.

தரவு எடுத்த மாதங்கள் மார்ச் முதல் மே வரை. பருவமழை அல்லாத ஒரு பருவத்தின் தரவு போதும் என்ற வழக்கம் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் வாழும் கரையில் மே மாதத்துக் கழியைப் பார்த்தவர்கள் எதைப் பார்த்திருப்பார்கள்? நவம்பரில் ஏரிகளின் உபரி நீர் முழுவதும் இந்தக் கழி வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. உள்ளான்களும் பூநாரைகளும் வருவது பனிக்காலத்தில். இவை இரண்டும் அந்த அறிக்கையில் இல்லை. பொய் சொல்லவில்லை, பார்க்கவில்லை.

நிலப் பயன்பாட்டு அட்டவணைதான் என்னை உலுக்கியது. நிலக்கரிக் களம் வரப்போகும் புல எண்கள் எல்லாவற்றுக்கும் எதிரே ‘தீர்வை ஏற்படாத தரிசு’ என்று இருந்தது. வருவாய்த் துறைச் சொல் அது. வரி விதிக்கப்படாத வெற்று நிலம் என்று பொருள். வெள்ளைக்காரன் காலத்தில் வரி வராத நிலத்துக்கெல்லாம் இந்தப் பெயரைப் போட்டுவிட்டுப் போனார்கள். கிராமத்து நிலங்களின் விவரம் அடங்கிய ‘அ’ பதிவேட்டில் அது இன்றும் அப்படியே இருக்கிறது. என் சின்னம்மா தினமும் இடுப்பளவு நீரில் இறங்கும் இடம், அரசின் ஏட்டில் தரிசு.

சின்னம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வலை இல்லாமல் கையால் இறால் தடவிப் பிடிப்பவர். பனையோலையில் முடைந்த பறி என்ற சிறு கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார். முட்டி போட்டு, சேற்றுக்குள் இரு கைகளையும் விட்டு, விரல்களை விரித்துத் தடவிக்கொண்டே நகர்வார். விரலில் இறால் பட்டதும் தலையை லேசாகச் சாய்த்துப் பறிக்குள் போடுவார். பேச முடியாது, வாயில் கயிறு. நாற்பது ஆண்டுகளாகக் கடித்துக் கடித்து முன்பற்கள் இரண்டில் பள்ளம் விழுந்திருக்கிறது. அறிக்கையின் மீன்வள அத்தியாயம், திட்ட இடத்தில் மீன்பிடிப்பு நடைபெறவில்லை என்றது. படகும் வலையும் இல்லாததால் அவர்கள் கண்ணில் அது மீன்பிடிப்பாகவே படவில்லை.

இந்த இடத்தில் ஒரு தவறிலிருந்து தப்பித்ததையும் சொல்லிவிடுகிறேன். நான் எழுதிய முதல் வரைவு மனுவில் 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகளை மீறுகிறது என்று பெரிதாக எழுதியிருந்தேன். பசுமைத் தீர்ப்பாயத்தில் பழகிய ஓர் இளம் வழக்கறிஞர் படித்துப் பார்த்து அந்தப் பத்தியை அடித்துவிட்டார். கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வரும் ஈரநிலங்களுக்கு அந்த விதிகள் பொருந்தாது என்று அந்த விதிகளே சொல்கின்றன. எங்கள் கழிக்குக் காவல் கடலோர மண்டல அறிவிக்கைதான். எங்கள் ஊர் ஏரி பாசனத்துக்காக வெட்டியது என்பதால் அதுவும் ஈரநில விதிகளின் வரையறைக்கு வெளியே நிற்கிறது. அதற்கு 2007ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். நல்ல நோக்கத்துடன் தவறான சட்டத்தைக் குறிப்பிட்டால், எதிர்த் தரப்புக்குப் பதில் எழுதுவது ஒரு வரியில் முடிந்துவிடும். அந்த ஒரு வரியை நாமே அவர்களுக்கு எழுதிக் கொடுத்ததாக ஆகும்.

கடலோர மண்டலத்தில் உவர்ச் சதுப்பும் சேற்றுத்திட்டும் அலையாத்தியும் மிக உயர்ந்த பாதுகாப்புப் பிரிவில் வருகின்றன. ஆகவே நாங்கள் நிறுவ வேண்டியவை இரண்டு. ஒன்று, அந்த நிலம் தரிசு அல்ல, உவர்ச் சதுப்பு. இரண்டு, ஓதநீர், அதாவது கடல் ஏற்றத்தில் உள்ளே வரும் நீர், அவர்கள் வரைபடம் காட்டும் எல்லையைத் தாண்டி வருகிறது.

முதலாவதற்கு, உவர்ச் சதுப்பில் வளரும் உமரி உதவியது. உமரிக் கீரையை எங்கள் பெண்கள் பறித்து, பருப்புடன் கடைந்து உண்பார்கள். உப்பு போட வேண்டாம், கீரையிலேயே இருக்கும். அறிக்கையில் அது ‘புதர்’. எந்தப் புல எண்ணில் உமரி எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்று நடந்து பார்த்தோம். கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து புலப்பட நகல் வாங்கி, எல்லைக்கல் தெரியும்படி நின்று படம் எடுத்தோம். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் புல எண், தேதி, நேரம். கல் தெரியாத படம் அழகாக இருந்தாலும் ஒதுக்கிவிட்டோம். எந்த நிலம் என்று சொல்லாத படத்தால் பயன் இல்லை.

இரண்டாவதற்கு உப்பு. ஓதத்தின் எல்லை எது என்பதை அறிவிக்கை தெளிவாகச் சொல்கிறது: ஆண்டின் மிக வறண்ட காலத்தில் அளந்தால், ஆயிரத்தில் 5 பங்கு உப்பு இருக்கும் இடம் வரை. அவர்களுடைய வரைபடத்தில் ஓதம் ஒரு சிறு பாலத்துடன் நின்றிருந்தது. பாலத்துக்கு மேற்கே பனந்தோப்பு வரை உப்புநீர் ஏறும் என்பது ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் குழந்தைக்குத் தெரிந்ததை யாரும் பதிவு செய்யமாட்டார்கள். பக்கத்து இறால் பண்ணையில் உப்பை அளக்கும் கையடக்கக் கருவி உண்டு. அதைக் கெஞ்சி வாங்கினோம். ஒரு சொட்டு நீரைக் கண்ணாடியில் விட்டு, சூரியனை நோக்கிப் பிடித்துப் பார்த்தால் கோடு தெரியும். பாலத்துக்கு மேற்கே இருநூறு அடியில் 22 காட்டியது. பனந்தோப்பின் ஓரத்தில் 9. எங்கள் அளவீட்டை யாரும் இறுதிச் சான்றாக ஏற்கமாட்டார்கள் என்று வழக்கறிஞர் சொன்னார். ஆனால் அளந்து பார்க்க வேண்டிய கேள்வியாக அது அமையும் என்றார். அப்படியே மனுவில் எழுதினேன்: “இவ்விடத்தில் இன்ன தேதியில் நாங்கள் அளந்தபோது இவ்வளவு இருந்தது. அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தைக் கொண்டு மீண்டும் அளக்கும்படி கோருகிறோம்.”

மனு எழுதுகிறவள் என்ற முறையில் ஒன்று சொல்வேன். நூறு பேர் ஒரே மாதிரி நகலில் கையெழுத்திட்டுக் கொடுத்தால், நடவடிக்கைக் குறிப்பில் அது ‘ஒரே பொருள் கொண்ட நூறு மனுக்கள்’ என்ற ஒற்றை வரியாகச் சுருங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு குடும்பமும் தன் கதையைச் சொல்ல, நான் தனித்தனியாக எழுதினேன். யார், எந்தப் புல எண்ணில், எந்த மாதத்தில், என்ன பிடிக்கிறார், யாரிடம் விற்கிறார். எழுபத்து மூன்று மனுக்கள். இரண்டு இரவு கடையை மூடவில்லை. தாளுக்கு மட்டும் காசு வாங்கினேன், சிலர் அதற்குப் பதிலாக நண்டு கொடுத்தார்கள். கருத்தை எழுத்திலும் தரலாம் என்பதால், கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பே அவற்றை நேரில் கொடுத்து எண்ணிக்கையுடன் ஒப்புகை பெற்றோம்.

கூட்ட நாள். இந்த முறை ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் பந்தல். திட்ட இடத்தில் அல்லது மிக அருகில் நடத்த வேண்டும் என்பது விதி. 2013இல் அதைக் கேட்க ஆள் இல்லை. பந்தலுக்கு வெளியே எங்களுக்கு முன்பே வேன்களில் வந்திறங்கிய ஆள்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். வேலை கிடைக்கும் என்று ஆதரித்துப் பேசினார்கள். அவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. வேலை வேண்டும் என்பது குற்றமில்லை. எங்கள் இளைஞர்கள் சிலர் கூச்சலிடத் தொடங்கியபோது ஊர்ப் பெரியவர்கள் அடக்கினார்கள். கூச்சலால் கூட்டம் குலைந்தால் பத்திரிகையில் படம் வரும். ஆனால் திட்டத்தை ஆராய்ந்து பரிந்துரைக்கும் நிபுணர் குழுவிடம் போய்ச் சேர்வது நடவடிக்கைக் குறிப்புதான். அந்த இறங்குதுறை ஆண்டுக்கு 50 லட்சம் டன்னுக்குக் குறைவான சரக்கைக் கையாள்வது என்பதால் முடிவு சென்னையில், மாநில ஆணையத்தில். அங்கே உட்காருகிறவர்கள் எங்கள் கழியைப் பார்த்ததில்லை. அவர்கள் பார்க்கப்போவது தாளை.

சின்னம்மாவின் பெயர் அழைக்கப்பட்டது. அவர் பறியைக் கையோடு கொண்டுவந்திருந்தார். மேடையில் ஒலிவாங்கியை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் ஒரு கணம் நின்றார். பிறகு பறியின் கயிற்றைப் பல்லில் கடித்து, கைகளைக் காற்றில் துழாவிக் காட்டினார். பந்தல் அமைதியாகிவிட்டது. கயிற்றை எடுத்துவிட்டுச் சொன்னார்: “நான் பிடிப்பது மீன் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களாம். அப்படியென்றால் நாற்பது வருடம் நான் என்ன விற்றேன் ஐயா?” தலைமை வகித்த ஆட்சியர் தலை குனிந்து ஏதோ எழுதிக்கொண்டார்.

எல்லாரும் பேசி முடித்தபோது மணி மூன்றரை. நன்றி சொல்லி முடிக்கப்போனார்கள். நான் எழுந்து, நடவடிக்கைச் சுருக்கத்தைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டேன். அது சலுகை இல்லை, விதி. கூட்டத்தின் முடிவில் மக்கள் முன்னால் வாசித்து, அவர்கள் மொழியில் விளக்கி, அன்றே ஆட்சியர் கையெழுத்திட வேண்டும். சிறிது முணுமுணுப்பு. பிறகு வாசித்தார்கள். ‘மீனவர்கள் வாழ்வாதாரம் பாதிக்கப்படும் என்று கருத்துத் தெரிவித்தனர்’ என்று ஒரே வரி. சின்னம்மா அந்த ஒரு வரிக்குள் எங்கே இருக்கிறார்? நான் மறுபடி எழுந்து, ‘பெண்கள் கையால் இறால் பிடிக்கும் இடங்கள்’ என்று சொல்லி, புல எண்களை ஒவ்வொன்றாகப் படித்து, இவற்றைச் சேர்க்க வேண்டும் என்றேன். ஓதத்தின் எல்லை பற்றிய எங்கள் கேள்வியும் விட்டுப்போயிருந்தது. ஆட்சியர் சேர்க்கச் சொன்னார். கையால் எழுதிச் சேர்த்தார்கள். நான் ஆறு ஆண்டுகள் காத்திருந்தது அந்த இரண்டு வரிகளுக்காகத்தான் என்று வீட்டுக்கு நடக்கும்போது தோன்றியது. சின்னம்மா எதுவும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

அதன் பிறகு நீண்ட மௌனம். இந்தக் காலத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கூட்டம் முடிந்தால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் திட்டத்தின் பெயரைத் தட்டினால் கோப்பு எங்கே நிற்கிறது என்று தெரியும். வாரம் ஒரு முறை பார்த்தேன். இறுதி அறிக்கை வந்தபோது, மக்கள் கேள்விகளுக்கு நிறுவனத்தின் பதில் என்ற அட்டவணையில் பாதிக்கு மேல் ‘கவனத்தில் கொள்ளப்பட்டது’. அந்த வரிகளை மட்டும் தனியே எடுத்து, பதில் வராத கேள்விகள் என்று நிபுணர் குழுவுக்கு நான்கு பக்கக் கடிதம் அனுப்பினேன்.

குழு ஓர் உபகுழுவைக் களத்துக்கு அனுப்பியது. அவர்கள் வந்தது காலை பத்து மணி. அன்று அந்நேரம் வற்றம். சேறு வெயிலில் வெடித்துக் கிடந்தது, பார்க்கிறவருக்குத் தரிசு என்றுதான் தோன்றும். ஊர்ப் பெண்கள் அவர்களிடம் மதியம் ஒரு மணி வரை இருந்துவிட்டுப் போகும்படி கேட்டார்கள். மோரும் வெள்ளரிப்பிஞ்சும் கொடுத்து வேப்பமர நிழலில் உட்கார வைத்தார்கள். பன்னிரண்டரைக்கு வெடிப்புகளுக்குள் நீர் ஊறத் தொடங்கியது. முதலில் ஈரம், பிறகு நூல் போல ஓட்டம், பிறகு சத்தமே இல்லாமல் அந்த வெளி முழுவதும் வானம் தெரிந்தது. வந்தவர்களில் ஒருவர் காலணியைக் கழற்றிவிட்டு இறங்கினார். களஆய்வு அறிவிக்கப்பட்டால், அந்த நாளின் ஓத நேரத்தை ஓத அட்டவணையில் பார்த்து முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். நாங்கள் அதைச் செய்யத் தவறினோம், மோரால் சமாளித்தோம்.

2021இல் முடிவு வந்தது. நிலக்கரிக் களத்துக்கு அந்தப் புல எண்களில் இடமில்லை, நெடுஞ்சாலைக்கு மேற்கே மேட்டு நிலத்துக்கு மாற்ற வேண்டும். ஆனால் இறங்குதுறைக்கு அனுமதி கிடைத்துவிட்டது. ஊரில் இதைப் பற்றி இன்றும் இரண்டு கருத்து உண்டு. முகத்துவாரத்தில் படகு திரும்பும் இடம் குறுகிவிட்டது என்று வலைக்காரர்கள் வருந்துகிறார்கள், அவர்கள் வருத்தம் நியாயமானது. மேல்முறையீடு செய்வதா என்று ஊர் கூடிப் பேசியது. இந்த முறை அனுமதிக் கடிதம் வெளியான நாளை நாங்கள் அறிந்திருந்தோம், நாள் இருந்தது. பணம் இல்லை. இருபத்தாறாவது நாள், வேண்டாம் என்று தெரிந்தே முடிவெடுத்தோம். தெரியாமல் இழப்பதற்கும் தெரிந்து விடுவதற்கும் நடுவில் எவ்வளவு பெரிய இடைவெளி என்பதை இரண்டையும் அனுபவித்தவள் என்பதால் சொல்கிறேன்.

அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைகளை அச்சிட்டுக் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அவற்றை எப்படி நிறைவேற்றினார்கள் என்று நிறுவனம் ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில் அறிக்கை தர வேண்டும். ஓர் அறிக்கையில் ‘ஓதநீர் ஓட்டத்துக்குத் தடையில்லை’ என்று இருந்தது. அணுகுசாலைக்குக் கீழே இருந்த நான்கு குழாய்களில் மூன்று மண்மூடிக் கிடந்தன. குழாய்க்குள் கைவிட்டு மண்ணை அள்ளிக் காட்டும் படத்துடன், நிபந்தனை எண்ணையும் குறிப்பிட்டு, மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் மண்டல அலுவலகத்துக்கு எழுதினேன். இரண்டு மாதத்தில் குழாய்களைத் தூர்வாரினார்கள். அடுத்த மழைக்கு முன் மறுபடி பார்க்க வேண்டும்.

‘தரிசு’ என்ற பெயரை மாற்றும்படி, வருவாய்த் துறை ஆண்டுதோறும் கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கும் ஜமாபந்தியில் மூன்று முறை மனு கொடுத்திருக்கிறேன். இன்னும் மாறவில்லை. அதற்குள் எங்கள் ஊராட்சியில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் கிராம சபையில் ஆண்டுதோறும் ஒரு தீர்மானம் போடுகிறோம்: இன்னின்ன புல எண்களில் இன்னின்ன மாதங்களில் இன்னின்ன தொழில் நடக்கிறது என்று மட்டும். யாரையும் எதிர்த்து அல்ல. அடுத்த அறிவிப்பு வரும்போது ஆதாரத்தைப் பத்தொன்பது நாளில் தேட வேண்டியிருக்காது.

இப்போது கடையில் தினமும் இரண்டு நாளேடுகள் வாங்குகிறேன். செய்திகளுக்கு முன் விளம்பரப் பக்கங்களைப் பார்க்கிறேன், காணவில்லை அறிவிப்புகளுக்கும் ஏல அறிவிப்புகளுக்கும் நடுவில். சென்ற புதன்கிழமை பக்கத்து வட்டத்தில் ஓர் ஆற்றுமுகத்தில் வரப்போகும் திட்டத்துக்கான அறிவிப்பு கண்ணில் பட்டது. அந்த ஊரில் எனக்குத் தெரிந்தவர் ஒரு கருவாட்டு வியாபாரி மட்டும்தான். அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அறிவிப்பு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருக்கிறது, இருபத்தெட்டு நாள் இருக்கிறது என்றேன். திங்கட்கிழமை நான்கு பேருடன் வருகிறார். அவர்கள் ஊர்ப் புலப்படத்தின் நகலைக் கையோடு கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.